மகள் வரும் வரை

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பட்டவளே வாயைத் திறந்து சொன்னாள். அவள் ஒன்றும் தன் நிழலைப் பார்த்து அலறுகிற ஆளும் இல்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவளுக்குப் பல வருஷ வேலை. உடம்பைத் துடைத்து, தலை சீவி, உடுத்திவிட்டு உறவுக்காரர்களிடம் ஒப்படைப்பாள். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் சும்மாக்கா. "செத்தவருக்குத் தாடி வளந்திருக்கு" என்று யாராவது பதறி ஓடிவந்தால், "அது சும்மாங்க. தோல் காஞ்சு சுருங்குது, உள்ள இருந்த முடி வெளிய தெரியுது" என்பாள். முனகல் கேட்டதா? புரட்டும்போது நெஞ்சுக்குள் தங்கிய காற்று வெளியேறுகிறது. விரல் அசைந்ததா? உயிர் போன புதிதில் நரம்பு இழுக்கும். எழுந்து உட்காருமாமே? "உக்காந்தா நல்லதுதானே, சட்டை மாட்டறது சுலபம்" என்பாள். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அதைக் கேட்டு ஒரு நொடி சிரித்துவிடுவார்கள்.

அந்தப் பிணவறைக்கு ஒருநாள் அவள் புருஷனே வந்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. மேல்மாடியில் டாக்டர் எவ்வளவோ போராடிப் பார்த்தார். திரையில் கோடு நேராக ஓடியதை அவளே கண்ணால் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒரே மகள். வெளிநாட்டில் வேலை. அங்கே புயல் அடித்து விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. போனில் அழுகைக்கு நடுவே அவள் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா, நான் வர்ற வரைக்கும் அப்பா முகம் மாறாம பாத்துக்கோ."

"பாத்துக்கறேன் கண்ணு."

குளிர்பெட்டிக்குள் தள்ளும் முன் அவருக்கு வழவழவென்று முகம் மழித்துவிட்டாள். தாடியோடு ஒருநாள்கூட வெளியே போகாத மனுஷன். பிறகு காதருகே குனிந்து, "பாப்பா வந்துட்டிருக்கா. அது வரைக்கும் இருங்க" என்றாள். செத்தவர்களோடு பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் அவரோடு எப்படிப் பேசாமல் இருப்பாள்?

மறுநாள் மத்தியானம் பெட்டியை இழுத்தாள். கன்னத்தைத் தடவினாள். சொரசொரவென்று தாடி குத்தியது.

தோல் சுருங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி மழித்தாள். சுரக்... சுரக்... கிண்ணத்துத் தண்ணீரில் முடி மிதந்தது. உயிரோடு இருப்பவருக்கு ஒருநாளில் எவ்வளவு வளருமோ அவ்வளவு.

தாடையை அழுத்திப் பார்த்தாள். இளகியிருந்தது. இந்தக் குளிரில் இந்நேரம் கட்டையாக விறைத்திருக்க வேண்டும். சில உடம்பு அப்படித்தான் என்று பெட்டியை மூடிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மத்தியானம்.

மறுபடி தாடி. நகங்களும் வெள்ளையாக நீண்டிருந்தன. வெட்டினாள். நகவெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"பாப்பா விமானம் ஏறிட்டாளாம்."

"ம்..."

காற்று. நெஞ்சுக்குள் தங்கிய காற்று.

ஆனால் அவள் அவரைப் புரட்டவில்லை.

தொடவே இல்லை.

ஓடிப்போய் டாக்டரை இழுத்துவந்தாள். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். கண்ணில் டார்ச் அடித்தார். ஈசிஜியும் எடுத்துப் பார்த்தார். கோடு நேராகத்தான் ஓடியது.

"ஒண்ணும் இல்லம்மா. மூணு நாளாச்சு. நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் மற்றவர்களிடம் பேசிய அதே குரல். எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கு அது எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டியை உள்ளே தள்ளினாள். டொக் என்று கதவு மூடியது. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

மகள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். வீட்டில் பயணப்பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, நேராகப் பிணவறைக்கு வந்துவிட்டாள். அப்பா முகம் மாறவே இல்லை. அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை அடக்கத்துக்கு எடுக்கும்போது சும்மாக்கா அவருக்குச் சட்டை மாட்டப் போனாள். கை மடங்கவில்லை. தாடை, கழுத்து, கால் எல்லாம் விறைத்திருந்தன.

முந்தின நாள் சாயங்காலம் இறந்த உடம்பு எப்படி இருக்குமோ, அப்படி.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். மகள் ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. வாசலில் டாக்ஸி நின்றது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு கண்ணு."

"அன்னிக்கு நான் கையப் புடிச்சப்போ, அப்பாவும் என் கைய இறுக்கிப் புடிச்சாரு. ரொம்ப நேரம் விடல. அப்புறம் மெதுவா விட்டுட்டாரு." மகள் அவள் முகத்தையே பார்த்தாள். "அது நரம்பு இழுக்கறதுதானேம்மா?"

நரம்பு இழுப்பதெல்லாம் உயிர் போன சில மணி நேரத்தோடு சரி. மூன்று நாள் ஆன உடம்பு யார் கையையும் பிடிக்காது. அது அவளுக்குத் தெரியாதா?

இருங்க என்று சொன்னவள் அவள். இருந்திருக்கிறார். அந்தக் குளிரில்... அந்த இருட்டில்... தனியாக. ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் அவளேதான்.

"ஆமா கண்ணு" என்றாள். "நரம்புதான்."