மேலே ஒன்றுமில்லை என்று சொன்னேன்

என் மருமகளுக்கு இரண்டு கண்ணிலும் புண் வந்துவிட்டது. கண்ணுக்குள்ளே ஒட்டிக்கொள்கிற கண்ணாடியைக் கழற்றாமல் தூங்கியதால் வந்த வினை. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, அதற்குள்ளும் கண்ணை இறுக மூடிக்கொண்டே இருந்தாள். மருந்து விடும்போது மட்டும் திறப்பாள். விடுகிறவள் நான். வெள்ளை மூடி காலையும் மாலையும், ஊதா மூடி மணிக்கொரு தரம். என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், அப்போது எந்தக் கடலில் இருந்தானோ. தீவிலிருக்கிற எங்கள் கெலுகோர் வீட்டில் நானும் அவளும்தான்.

அவளுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறைய கம்ப்யூட்டர்களிடம் கொடுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் போட வைப்பார்களாம். துண்டு போடுகிறவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் அல்லவா, அந்தப் பேச்சுக்கென்று ஏற்கெனவே எழுதி வைத்த நிரல்கள் உண்டு. அதற்கு லைப்ரரி என்று பேர். பாட்டையில் கொட்டிக் கிடக்கும் கல்லும் மணலும் மாதிரி அது வருமாம். இவர்கள்தான் தங்கள் மெஷினுக்குத் தகுந்தபடி கட்டி எழுப்ப வேண்டும். புதிதாக வாங்கிய மெஷினில் அதைக் கட்டித் தருவது இவள் பொறுப்பு. திங்கட்கிழமை ஒரு பேராசிரியர் அதில் மழை வெள்ளக் கணக்கைப் போட்டுக் காட்டுவதாக இருந்தது.

அந்த மாதக் கடைசியோடு அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் நீட்டிப்பார்கள். கண் தெரியவில்லை என்று ஆபீசுக்குத் தெரிந்தால் இதை அவளோடு வேலை பார்க்கிற ஒரு தம்பிக்கு மாற்றிவிடுவார்கள். அந்தத் தம்பி சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி தினம் வருகிறவன், கெட்டிக்காரன். அவனுடைய கான்ட்ராக்டும் அதே மாதம்தான் முடிகிறது. அதனால் இவள் ஆபீசுக்கு, காய்ச்சல், வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கண்ணில்லாமல் எப்படிப் பார்ப்பது? அவள் விரல்கள் எழுத்துப் பலகையைப் பார்க்காமலே அடிக்கும். கம்ப்யூட்டர் திருப்பி என்ன சொல்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். அதுவே வாசித்துக் காட்டுகிற வசதி ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தாள். புள்ளி, கோடு, சாய்கோடு என்று அது மூச்சுவிடாமல் உளறியதில் தலைவலி வந்து நிறுத்திவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, நீங்க இங்கிலீஷ் ஸ்கூல்ல ஃபார்ம் த்ரீ வரைக்கும் படிச்சவங்கதானே. வாசிச்சு மட்டும் சொல்லுங்க. அர்த்தம் நான் பாத்துக்கிறேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மருமகள் வீட்டார் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவளுடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிற உத்தியோகம். என் அப்பா வேறொரு தோட்டத்தில், அப்படி ஒரு கிராணி பேர் கூப்பிடும்போது கைகட்டி நின்று பால் வெட்டப் போனவர். கல்யாணம் பேச வந்த அன்று சம்பந்தியம்மா, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, நான் எதுவரை படித்தேன் என்று கேட்டார். கேட்டதில் குத்தல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குக் குத்தியது. ஃபார்ம் த்ரீ, இங்கிலீஷ் ஸ்கூல் என்று சொல்லிவிட்டேன், அது ஒன்பதாம் வகுப்புக்குச் சமம். சபையில் சொன்னது சொன்னதுதான், அதற்கப்புறம் அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். பேங்கிலும் கிளினிக்கிலும் எழுதித் தரச் சொல்லிப் பாரம் நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பேன். யாராவது எழுதித் தருவார்கள். தமிழ் எனக்கு எழுத்துக்கூட்டி வரும். இங்கிலீஷில் தனித்தனி எழுத்து தெரியும், சேர்ந்து வந்தால் தெரியாது.

அன்றைக்குக் கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் நன்றாகவே போனது. அவள் ஏதோ தட்டினாள், திரை ஓடியது, நின்றது. சிவப்பில் ஒரு சொல் இருக்கும், அதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்டாள். சிவப்பு எனக்குத் தெரியாதா? அதற்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் இருந்தது. எம், பி, ஐ, ஒரு புள்ளி, எச் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தக் கோப்பைக் காணோம் என்கிறது, எங்கே வைத்திருக்கிறோம் என்று நாம்தான் வழி சொல்லவில்லை என்றாள். வழி சொன்னாள். அதற்கப்புறம் சிவப்பு வரவில்லை. வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது.

"மாமி இருந்தா கண்ணே வேணாம் போலருக்கு" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு எப்படி மிதப்பு ஏறியது என்று சொன்னால் வெட்கம். அன்றைக்கு மார்க்கெட்டில் மீன்காரரிடம், எங்கள் வீட்டில் நான்தான் கம்ப்யூட்டர் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எனக்கு விளக்கினாள். முதலில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக மெஷின் பாஷைக்கு மாற்றும். எல்லாம் மாறிய பிறகு, இன்னொன்று வந்து அத்தனையையும் கோக்கும். கோக்கும்போது ஒரு கோப்பு இன்னொன்றைப் பேர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பேருக்கு ஆள் இல்லையென்றால் அங்கே நின்றுவிடும்.

"தோட்டத்துல காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி" என்றேன்.

"அதேதான் மாமி. எந்தப் பேருக்கு ஆள் வரலைன்னு அதுவே சொல்லிடும். அந்தப் பேரு தெரிஞ்சா போதும், எங்க தப்புன்னு பிடிச்சிடலாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அது நின்றிருந்தது. ஆகக் கீழே ஒரு சிவப்புச் சொல். அதற்குப் பக்கத்தில் எல், டி என்று சின்ன எழுத்துகள். வாசித்தேன். கோக்கிற இடத்தில் நின்றுவிட்டது, அந்தக் கடைசி வரியில் விஷயம் இருக்காது என்று சொன்னாள். அதற்கு மேலே பார்க்கச் சொன்னாள். யூ என்ற எழுத்தில் தொடங்குகிற ஒரு சொல் வரும், அதற்குப் பின்னால் ஆள் வராத பேர் இருக்கும், அதைச் சொல்ல வேண்டும்.

மேலே பார்த்தேன். திரை முழுக்க இருந்தது. எல்லாம் வெள்ளை எழுத்து. இடைவெளியில்லாமல், சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் கோடும் எண்ணும் கலந்து, சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தால் எறும்பு சாரி வைக்குமே, அதுபோல வரிக்குமேல் வரி. எங்கே தொடங்கி எங்கே முடிக்க? ஒரு பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினால் நான் தடவுவது அவளுக்குத் தெரிந்துவிடும். ஃபார்ம் த்ரீ படித்தவள் ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா என்று நினைப்பாள். நாளைக்கு அவள் அம்மா காதுக்கும் போகும்.

"மேல ஒண்ணும் இல்லமா. அந்த ஒரு வரிதான்" என்றேன்.

நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

அவள் என்னை நம்பினாள். அதனால் அவள் புத்தி வேறு பக்கம் போனது. பேர் சொல்லாமல் நின்றால் மெஷினில் இடம் போதாமல் நின்றிருக்கும் என்று நினைத்தாள். கட்டினதையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொன்றாக மெதுவாகச் செய் என்று சொல்லி முதலிலிருந்து விட்டாள். அது முடிய நாள் முழுக்க ஆயிற்று. அதே இடத்தில் நின்றது. திரும்பவும் கேட்டாள், திரும்பவும் அதையே சொன்னேன். இரண்டாம் தடவை பொய் சொல்லவே தோன்றவில்லை, வாய் தானாகச் சொன்னது. சனிக்கிழமை வேறு ஏதோ மாற்றி, மறுபடி அழித்து, மறுபடி தொடங்கினாள். மருந்து விடுவதற்குக் கண்ணைத் திறந்தபோது உள்ளே ரத்தமாகச் சிவந்திருந்தது. அந்தக் கண்ணோடு இரண்டு வரி பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கெட்டுவிடும், நான் இருக்கிறேனே என்றேன். அக்கறையில்தான் சொன்னேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தச் சிம்பாங் அம்பாட் தம்பிக்குப் போன் போட்டு, கண்ணைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டாள். இவள் திரையை அவன் அங்கிருந்தே பார்க்கிற மாதிரி செய்துகொண்டார்கள். போனைச் சத்தமாக வைத்திருந்தாள். நான் பக்கத்தில், அதே நாற்காலியில்.

"அக்கா, என்னக்கா இது. இங்க திரை பூரா அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு பேருங்களா கொட்டிக் கிடக்கு. மேல போனா இன்னும் வந்துக்கிட்டே இருக்கு லா. யாரு உங்களுக்குப் படிச்சுச் சொன்னது, பக்கத்து வீட்டுக் கோழியா?"

என் மருமகள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நான்தான் தம்பி. ஒரு கண்ணத் தொறந்து பாத்தேன். மங்கலா இருந்துச்சு, கடைசி வரி மட்டும்தான் தெரிஞ்சிச்சு."

டாக்டர் திறக்காதே என்றால் ஏன் திறக்கிறீர்கள் என்று அவன் அவளைத் திட்டினான். அந்தத் திட்டையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆள் வராத பேர்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான். அந்த மெஷினில் அந்தப் பேச்சு லைப்ரரி இரண்டு விதமாக இருக்கிறதாம், இரண்டு வேறு வேறு ஆட்கள் செய்தது. மாற்றும்போது ஒன்றைப் பார்த்து மாற்றி, கோக்கும்போது மற்றதைக் கொண்டுவந்து கோத்திருக்கிறது. ஒரு தோட்டத்துப் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்தில் ஆள் கூப்பிட்டால் யார் வருவார்கள்? இரண்டும் ஒன்றாக இருக்கும்படி செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் கோத்து முடிந்தது. வெள்ளிக்கிழமையே நான் ஒரு பேரைத் தடவித் தடவிச் சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும்.

போனை வைத்த பிறகு, கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாமி, உங்களுக்கு வாசிக்க வராதா?"

"எழுத்து தெரியும்."

"ஃபார்ம் த்ரீ?"

"மூணாம் வகுப்பு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம்."

"படிக்காதது ஒரு தப்பும் இல்ல மாமி. இத்தனை வரி இருக்குன்னு சொல்லியிருந்தாலே போதும், வாசிக்கவே வேணாம். ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். மன்னித்துவிடு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை அந்தத் தம்பிதான் பேராசிரியர் பக்கத்தில் நின்று கணக்கை ஓட்டிக் காட்டினான். அவன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அக்காதான் கட்டினார், நான் கடைசியில் கை கொடுத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னானாம். ஆனால் கண் விஷயம் வெளியே வந்துவிட்டது. காய்ச்சல் என்று ஏன் பொய் சொன்னாய் என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். நீட்டிப்பு அவனுக்குக் கிடைத்தது. இவளை, மறுபடி ஆள் எடுக்கும்போது விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டார்கள். இப்போது கண் ஆறிவிட்டது. பாலம் தாண்டி ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய் வருகிறாள். அதில் கட்டுவதும் கோப்பதும் இல்லையாம். யார் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் போய்த் தட்டிவிட்டு வருகிற வேலை. மெல்லிசாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

சம்பந்தியம்மா ஈப்போவிலிருந்து போன் செய்தார். மருமகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டே பேசினாள். போன் சோபாவில் சத்தமாகக் கிடந்தது. சமையலறையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஒரு சொல் விடாமல் கேட்டது. நல்ல வேலையை விட்டதற்கு அவர் மகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உன்ர கவலையீனம். கண்ணைப் பாக்கேல்ல, சரி. பக்கத்தில படிச்ச மாமி இருக்கிறா, அவவையெண்டாலும் கேட்டிருக்கலாமே?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றதை வாசல் வழியாகப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். போன் எனக்கு எட்டுகிற தூரம்தான். எழுந்து போய், அவள் என்னைக் கேட்டாள் சம்பந்தியம்மா, கெடுத்தது நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமியக் கேக்கேல்ல அம்மா" என்றாள் என் மருமகள். "என்ர பிழைதான்."