மீன் கழுவிய தண்ணீரில் வந்தாள் உப்பாத்தா

உப்பாத்தாளுக்குப் பயந்து பிழைக்கும் என் சனங்களே, நான் தேவனாம்பட்டினம் செல்வி. மீன்காரி. எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். இதைச் சொல்ல வரும்போது மட்டும் நாக்கு உலர்ந்து போகிறது.

போன ஆடியில் நடுக்கடலில் வலைச் சண்டை. எங்கள் படகுக்கும் பக்கத்து ஊர்ப் படகுக்கும். வலையை அறுத்தார்கள். துடுப்பால் மண்டையைப் பிளந்தார்கள். பக்கத்து ஊர்ப் படகில் இருந்த ராஜி தண்ணீரில் விழுந்தான். பிணமாகத்தான் கரை ஒதுங்கினான். என் வீட்டுக்காரர் வேலுதான் தள்ளிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவர் சொன்ன எதையும் காதில் வாங்க ஆளில்லை.

ராஜியின் அண்ணன் சேகர், பிணத்தின் நெஞ்சில் கை வைத்துச் சொன்னானாம்: "வேலு தலய எடுத்துட்டுத்தான் தம்பிக்குக் காரியம் பண்ணுவேன்."

அன்றைக்கே சிதம்பரத்துக்கு ஓடினோம். ஒரு ரூம் பிடித்து, மார்க்கெட் ஓரம் கடை போட்டேன். ஊரிலிருந்து என் தம்பி வண்டியில் மீன் அனுப்புவான். கூடவே ஒரு கேன் கடல்தண்ணீர். நல்ல தண்ணீரில் கழுவினால் மீன் சீக்கிரம் வெளுத்துவிடும்.

உப்பாத்தாளைத் தெரியாதவர்களும் இதைக் கேட்பீர்கள். எங்கள் கடல்சாமி அவள், கொஞ்சுகிற சாமி இல்லை. சிலை கடலைப் பார்த்து நிற்கும், ஊருக்கு முதுகுதான். அவள் முகத்துக்கு நேரே போய் நிற்க எவனுக்கும் தைரியம் கிடையாது. அவளிடம் எதுவும் கேட்கவும் மாட்டோம். கேட்டால் கொடுப்பாள், பதிலுக்கு எதை எடுப்பாள் என்று தெரியாது.

அவள் கட்டளை ஒன்று இந்தக் கரையில் எல்லா ஊருக்கும் தெரியும். கடல்தண்ணீரில் நனைந்தவன், ஈரம் காயும்வரை அவள் பிள்ளை. அவன் மேல் யாரும் கை ஓங்கக் கூடாது. அவனும் பொய் பேசக் கூடாது. மீறினவனைக் கடல் விடாது. ஊரிலேயே இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் அலையில் இறங்கி நின்றிருக்கலாம். நாங்கள் பெரிய புத்திசாலிகள், கடலை விட்டே ஓடினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, யாவாரம் சூடாக இருந்த நேரம். ரெண்டு பைக் வந்து நின்றது. சேகரும் அவன் ஆட்களும். கையில் அரிவாள். சனங்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தன் என் வீட்டுக்காரர் முதுகில் கட்டையால் அடித்தான். குப்புற விழுந்தவரின் முகத்தை மிதித்தார்கள். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவளிடம் கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டேன். வாய்விட்டுக் கத்தினேன். "ஆத்தா, இன்னா வேணும்னாலும் எடுத்துக்க. இவர மட்டும் வுட்டுடு!"

சேகர் ஓங்கி வெட்டினான். அவர் வலது கையைக் குறுக்கே நீட்டினார். ரெண்டு விரல் என் மீன் பலகையில் வந்து விழுந்தது. சேகர் மறுபடி ஓங்கினான்.

கடல்தண்ணீர் கேனைத் தூக்கினேன். காலி. பேசினில் அதை ஊற்றி மீன் கழுவிய தண்ணீர்தான் கிடந்தது. செதில், குடல், ரத்தம். இந்த அசிங்கத்தை அவள் தண்ணீர் என்று சொன்னால் என்னையே அடித்துப் போடுவாளோ என்று பயந்தேன். ஆனாலும் தூக்கி அவர் தலையோடு ஊற்றினேன்.

"கடல்தண்ணிடா! அவ தண்ணி! வெட்டுடா பாக்கலாம்!"

"மீன் கழுவுன தண்ணிய ஊத்திட்டு கத வுட்றா. போடுண்ணா!" என்றான் ஒருத்தன்.

சேகர் வெட்டவில்லை. தண்ணீர் அவன் முகத்திலும் தெறித்திருந்தது. உதட்டை நக்கினான். உப்பு கரித்தது போலிருக்கிறது. ஓங்கின அரிவாளைத் தாழ்த்தினான்.

"இப்பச் சொல்லு. என் தம்பிய நீ தள்ளுனியா?"

வாயில் ரத்தம் வழிய அவர் சொன்னார்: "இல்ல மச்சான். எட்டிக் கையப் புடிச்சேன். இதே கையிதான். வழுக்கிடுச்சி. அண்ணா அண்ணான்னு உன்னத்தான் கூப்ட்டான்."

அரிவாள் கீழே விழுந்தது. சேகர் அந்த ரத்தத்திலேயே உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து அழுதான். பிறகு தன் துண்டைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினான். வெட்ட வந்த பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நான் பின்னால் உட்கார்ந்து அவரைத் தாங்கிக்கொண்டேன்.

ராஜிக்குக் காரியம் நடந்தது. இடுப்பளவு கடலில் சேகரும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இப்போது ஊரிலேயே இருக்கிறோம். எட்டு விரலோடு அவர் வலை இழுக்கிறார். முன்னெல்லாம் அவளைப் பயந்து மட்டும் கும்பிட்டேன். இப்போது அழுதுகொண்டே கும்பிடுகிறேன். கேட்டதைக் கொடுத்தாள். ரெண்டு விரலை எடுத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

என் சனங்களே, பயப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கழுத்துக்குக் கத்தி வரும்போது அவளிடம் கேளுங்கள். கையில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதை ஊற்றுங்கள். சுத்தமா என்று பார்க்காதீர்கள். அவள் பார்க்கவில்லை.