பனிக்குள் ஒரு சிவப்புக் கொடி

குன்னூரில் ஒரு செங்குத்தான தெரு. டீக்கடை வாசலில் நிற்கிறேன். இன்று தண்ணீர் வரும் நாள். எல்லாக் குழாய்களும் கொட்டுகின்றன. கீழ்வீடுகளில் திறந்தே இருந்தால் மேல்வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் நகராட்சியில் ஓர் ஏற்பாடு: உச்சியிலுள்ள தொட்டிமேல் சிவப்புக் கொடி ஏறியதும் கீழ்வீட்டார் குழாயை மூட வேண்டும். அபராதம் எதுவும் கிடையாதாம். எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

மூடுபனி இறங்குகிறது. தொட்டியே மறைந்துவிட்டது. இனி யார் மூடினார், யார் மூடவில்லை என்று யாருக்குத் தெரியும்? கடைக்கார அக்கா குடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குழாயை மூடுகிறார்.

“கொடி ஏறினதே தெரியலையேக்கா?” என்கிறேன்.

“தெரியாட்டி என்னங்க? நம்ம குடம் நெறஞ்சிருச்சுங்களே. மேலூட்டுக்காரங்க காத்துட்டு இருப்பாங்க.”

பனிக்குள் ஒரு வீடும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. அதற்கடுத்த வீட்டிலும் நிற்கிறது. அப்படியே தெரு முழுக்க ஓய்ந்துபோகிறது. கையிலிருக்கும் டீயைக் குடிக்க மறந்து நிற்கிறேன்.

தலைக்கு மேலே எங்கோ, ஒரு வெறுங்குடத்தில் தண்ணீர் விழத் தொடங்குகிறது.