வனஜா கேட்ட தண்ணி

வனஜா, நான் சமைக்கப் போற வீட்டுக்காரி. நாப்பத்தோரு வயசு. ஊரு வாணியம்பாடி, அப்பன் தோல் பதப்படுத்தற ஷாப்புல கூலி. படிச்சு, பெங்களூருக்கு வந்து, வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல சேந்து, கூட வேலை செஞ்ச கிரணைக் கட்டிக்கிட்டா. அவரு கான்பூர் பக்கம். நல்ல மனுசன்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பதிமூணு வருசக் குடித்தனத்துல 'சாப்ட்டியா'ன்னு ஒரு வார்த்தை தமிழ்ல வராது. இவதான் மூணே மாசத்துல ஹிந்தியை முழுங்கினா. "எங்க மாமியாரே என்னை அவங்க ஊர்ப் பொண்ணுன்னுட்டாங்க அக்கா"ன்னு எங்கிட்ட எத்தனை தடவை பீத்தியிருப்பா!

பொண்ணு அனன்யாவுக்கு எட்டு வயசு. வீட்ல ஹிந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ். தமிழ் எங்க ரெண்டு பேருக்கு மட்டும், அதுவும் அடுப்படியோட சரி. என் பேச்சுல அந்தக் கொழந்தைக்குத் தெரிஞ்சது 'அக்கா' ஒண்ணுதான். புருசனைத் தூக்கிக் குடுத்து இருவது வருசமான கெழவி, எட்டு வயசுக்கு அக்கா!

ஒருநாள் வாய் சும்மா இருக்காம கேட்டேன். "ஏம்மா, பெத்தவ பேச்சு புள்ளைக்குத் தெரிய வேணாமா?"

"ரெண்டுலயே திணறுறா அக்கா. இன்னொண்ணையும் திணிக்கணுமா? எனக்கும் அவளுக்கும் பேசிக்க ஒரு பாஷை போதும்."

அவ படிச்சவ, நான் கைநாட்டுக்காரி. வெங்காயத்தை வெட்டிட்டு இருந்துட்டேன். அன்னிக்கு விடாம சண்டை போட்டிருக்கலாம்.

தை மாசம், குளிச்சிட்டு வந்தவ சோபாகிட்டயே விழுந்தா. மூளையில ரத்தம் கட்டிக்கிச்சாம். ஆஸ்பத்திரியில இருவத்திநாலு நாள். வலது கையும் காலும் போச்சு. பேச்சு கொழறலாத் திரும்பி வந்துச்சு, ஆனா தமிழ் மட்டும்தான் வந்துச்சு. ஹிந்தியும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. அந்த ரெண்டுல யாரு பேசினாலும் புரியல. சில பேருக்கு மொதல்ல கத்தது மட்டும் நிக்குமாம், மத்தது வந்தாலும் வரும், வராமலும் போகும்னு டாக்டர் சொன்னாராம்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்னிக்கு, "இங்க வாடி தங்கம்"னா பொண்ணை. அந்தக் கொழந்தை என்ன பண்ணுச்சு தெரியுமா? "அக்கா, அக்கா!"ன்னு என்னைக் கூப்பிட அடுப்படிக்கு ஓடி வந்துச்சு. அம்மா என்ன சொல்றாங்கன்னு நான்தான் சொல்லணுமாம். மறுநாளும் அப்படியே. இவ வாயைத் தொறந்தா அது எந்திரிச்சு ஓடும். வா வான்னு கூப்பிடக் கூப்பிட, புள்ளை முதுகைக் காட்டிட்டுப் போறதை எவ தாங்குவா? நாலாம் நாள் வனஜா பேசறதையே நிறுத்திட்டா.

எனக்கு ஆத்திரம். அனன்யா கையைப் புடிச்சு இழுத்துப் போயி, எனக்குத் தெரிஞ்ச அரைகொறை ஹிந்தியில, "மம்மி ஒன்னைத்தான் கூப்பிடுது, என்னை இல்ல. போயி பக்கத்துல இரு"ன்னு அதட்டினேன். புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டுச்சு.

மறுநாள் சாயங்காலம் மோர் போட தயிர் வாங்கக் கீழ போனேன். திரும்பி வந்தா, பேச்சை நிறுத்தின வனஜா கொரல் ரூம்ல கேக்குது. "நாக்கு ஒட்டுது, நெஞ்சு காயுது"ங்கறா. எட்டிப் பாத்தா, அனன்யா ஓடல. நான் சொல்லிக் குடுத்தபடி கட்டில்ல ஏறி, அம்மாவோட நல்லா இருக்கற அந்த ஒத்தைக் கை மேல தலையை வச்சுப் படுத்துக்கிச்சு. இனி சைகை காட்டவும் கை கிடையாது. வனஜா இன்னொரு தரம் கேக்க வாயைத் தொறந்தா. புள்ளை இன்னும் ஒட்டிக்கிச்சு. அவ வாயை மூடிக்கிட்டா.

நான் தண்ணி டம்ளரோட உள்ள போனேன். வேணாம்னு கண்ணாலயே தடுத்தா. குடிக்க அவ தலையைத் தூக்கினா புள்ளை எந்திரிச்சுடும்ல.

அனன்யா அம்மா மொகத்தைப் பாத்து ஹிந்தியில மளமளன்னு என்னமோ சொல்லுச்சு. அடுப்படி ஹிந்திக்காரி எனக்கு 'ஸ்கூல்'ங்கறது தவிர ஒண்ணும் வெளங்கல.

"என்னக்கா சொல்றா?"ன்னு வனஜா கேட்டா.

தெரியாதுன்னு சொல்ல நாக்கு வரல. "ஒனக்குத் தாகமா இருக்கான்னு கேக்குறா"ன்னேன்.

ஒதடு வெடிச்சு ரத்தம் எட்டிப் பாக்குது. பாதி வாயால சிரிச்சா.

"இல்லன்னு சொல்லுக்கா."