சீனியில்லா மிட்டாயும் ஈஸ்வரபாண்டியும்

கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்கு எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் ஜீப்பு ஈஸ்வரபாண்டியுடையது. மேகம் இறங்கி ரோடே தெரியாத நாளிலும் வளைவுகளில் வண்டி அலுங்காது. பெண்கள் நாங்கள் தூங்கிக்கொண்டே மலையேறிவிடுவோம். அவ்வளவு நல்ல டிரைவர். ஆனால் ஆள் ஊமைக்கோட்டான். பல்வலி வந்தால்கூட, கன்னம் வீங்கிய பிறகுதான் அடுத்தவருக்குத் தெரியும். இந்த ரகத்து ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்சீட்டு எப்போதும் எனக்குத்தான். வயதிலும் மூத்தவள், வாயும் பெரிது, யார் மறுப்பார்கள்? ஈஸ்வரபாண்டி தனக்குச் சுகர் வந்திருக்கிறது என்று தெரிந்தபோது சீனி போட்ட டீயை விட்டான். இந்த ஆடியில் பீடியையும் விட்டான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியுமுன் ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு வாயில் ஏதாவது அசைந்துகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் சொருகும். மெடிக்கல் ஷாப்பிலிருந்து சீனி இல்லாத மிட்டாய் என்று ஒன்றை வாங்கி வந்தான். எலுமிச்சை வாசம், நல்ல இனிப்பு.

"இது எத்தன தின்னாலும் சுகர் ஏறாதுக்கா" என்றான்.

அவ்வளவுதான். ஒன்று கரைவதற்குள் அடுத்தது கன்னத்துக்குள் போய்விடும். ஏறும்போதும் மிட்டாய், இறங்கும்போதும் மிட்டாய், எங்களை இறக்கிவிட்டு வண்டியில் காத்துக்கிடக்கும்போதும் மிட்டாய்.

கொஞ்ச நாளில் ஜீப்பு மலை உச்சியில் ஒரு டீக்கடை முன்னால் நிற்க ஆரம்பித்தது. கடை ஒரு மலையாளத்துச் சேச்சியுடையது. இவன் டீ குடிக்கவில்லை. இறங்கியதும் விறுவிறுவென்று கடைக்குப் பின்பக்கம் போவான், வேர்த்துப்போய்த் திரும்பி வருவான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் விடுவார்களா?

"டிரைவருக்குச் சேச்சி வீட்டுப் புட்டு ருசி கண்டுருச்சு டோய்!"

முதலில் நானும்தான் சிரித்தேன். சாயங்காலமும் வண்டி அங்கே நின்றபோது சிரிப்பு வரவில்லை. அவன் பெண்டாட்டி முனீஸ்வரி எங்கள் தெருக்காரி. பச்சப்பிள்ளை மாதிரி மனசு அவளுக்கு. அவளை நினைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருநாள் கையும் களவுமாகப் பிடிப்பது என்று அவன் பின்னாலேயே போனேன்.

அங்கே இருந்தது கக்கூஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன், என்னைக் கண்டதும் துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுத்தமாகத் தெம்பில்லை.

"என்னலே இது? எத்தன நாளா?"

"யாருகிட்டயும் சொல்லிராதீகக்கா. எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

அவன் அண்ணன் பலவேசம் குடலில் புற்றுநோய் வந்து செத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்க்கக்கூடாத சாவு அது. அதே நோய்தான் தனக்கும் என்று இவன் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டான். வண்டியை யாரிடம் ஒப்படைக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறான். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

"டாக்டர்ட்ட போனியா?"

"போனா சொல்லிப்புடுவாகளேக்கா."

எனக்கு அழுகையும் வந்தது, அவனை அறையலாம் போலவும் வந்தது. மறுநாளே உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு, ஆனால் பொறுமையாகக் கேட்டார். ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, சுகர் மாத்திரையில் ஏதாவது மாற்றினார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அண்ணன் செத்த கதையை நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"வெளியில என்னென்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடுறதில்லம்மா. வாயைக் கட்டித்தான் வச்சிருக்கேன்" என்றான். சொல்லும்போதே மிட்டாய் அவன் பல்லில் பட்டு 'டக்'கென்றது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வாயில என்னங்க?"

சட்டைப்பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து நீட்டினான். அவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல இருக்கிறது சார்பிட்டால்னு ஒரு இனிப்பு. சீனி மாதிரி சுகரை ஏத்தாது, அது சரி. ஆனா குடல் இதை முழுசா உறிஞ்சாது. மிச்சம் உள்ளயே நின்னு தண்ணிய இழுக்கும். ஒண்ணு ரெண்டு தின்னா தெரியாது. நாள் பூரா சப்புனா வயித்தால போகத்தான் செய்யும். பாக்கெட்லயே போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. எறும்பு படிக்கிற எழுத்தில், அதுவும் இங்கிலீசில்.

"அப்ப சீனிக்குப் பதிலா டீயில போடுற மாத்திரையும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டேன்.

"அது வேற வகைம்மா, இப்படி வயித்தப் புரட்டாது. ஆனா எதுக்கும் ஒரு அளவு உண்டு. சீனி இல்லன்னு எழுதியிருந்தா எவ்வளவு வேணாலும் தின்னலாம்னு அர்த்தமில்ல." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "மிட்டாயை இன்னியோட விடுங்க. ஆனா உங்க அண்ணனுக்கு அந்த நோய் இருந்திருக்கு. அதனால வயிறு சரியானாலும், கேமரா விட்டுக் குடலை ஒருதரம் பாத்துரணும். வீட்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

அந்த வாரமே வயிறு அடங்கிவிட்டது. ஏலத்தோட்டத்துக்கே வண்டி ஓட்டுகிறவனுக்கு வாயில் போட ஏலக்காய்த் தோல் கிடைக்காதா? அதை மென்றுகொண்டு ஒரே மூச்சில் மலையேறினான். ஆனாலும் சோதனை நாள் வரும்வரை அவன் முகம் தெளியவில்லை. முனீஸ்வரியிடம் சும்மா ஒரு செக்கப்பு என்று மட்டும் சொல்லித் தேனிக்குக் கூட்டிப் போனான். நானும் கூடப் போனேன்.

குடல் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அசட்டுச் சிரிப்பாகச் சிரித்தான். பிறகு முனீஸ்வரியிடம் எல்லாவற்றையும், அண்ணனில் தொடங்கி மிட்டாய் வரைக்கும், கொட்டித் தீர்த்தான். அத்தனை பேச்சு அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீ பயந்துருவன்னுதான் சொல்லல" என்று முடித்தான்.

முனீஸ்வரி அவன் சட்டையில் மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"ராத்திரி நீங்க எந்திரிச்சுப் போறப்பல்லாம் நான் முழிச்சுத்தான் கெடந்தேன். உங்கண்ணனுக்கு எப்படி ஆரம்பிச்சதுன்னு எனக்கும் தெரியுமுல்ல? நான் கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டீகன்னா, அப்புறம் நான் என்ன செய்வேன்?"

அத்தனை பேர் நடமாடுகிற வராந்தாவில் அவள் மடியில் தலையைச் சாய்த்துவிட்டான். மயக்கமருந்து இன்னும் தெளியவில்லைபோல என்றாள் அந்தப் பக்கம் வந்த நர்ஸ். ஆமாம்மா, கொஞ்ச நேரம் ஆகும் என்றேன்.