ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை

நான் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். இருபது நாள் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம். இந்தப் பிள்ளை பிழைத்தால் ஆண்டவருடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். எனக்கு ஆறு வயதானபோது அப்பா இறந்துவிட்டார். பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா ஆரணியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மாலை ஜெபத்தில் ஒரு நாளும் அந்த வேண்டுதலைச் சொல்லாமல் விடமாட்டாள்.

அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. சபையில் ஞாயிறு பள்ளி நடத்தினேன், பெண்கள் கூட்டத்தில் பேசினேன். நான் பேசினால் கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். பெண்களும் ஆயராகலாம் என்று ஆன காலத்தில் வளர்ந்தவள் நான். இறையியல் கல்லூரிக்குப் போக ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள். கண் பரிசோதனைப் படிப்பில் இடம் கிடைத்தது, படித்தேன். முடித்ததும் ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இறையியல் கல்லூரிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பேராயத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிடும்வரை இது இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம்.

அழைப்புக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் சேவூரிலிருந்து அந்த அக்கா கடைக்கு வந்தார். பட்டுத் தறி நெய்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மாதத்துக்கு முன்னால் எங்களிடம் வாங்கிய கண்ணாடியைக் கூட்டோடு மேஜைமேல் வைத்தார். சண்டை போட வந்தவர் போலத் தெரியவில்லை.

"இத்தப் போட்டுகினா பேப்பர் நல்லாத் தெரியுதும்மா. ஆனா நான் இன்னா பேப்பரா படிச்சிகினு கீறேன்? தறியில உக்காந்தா இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபூடுது."

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தது தெரியாமல் ஒரு சாண் நெய்துவிட்டாராம். நெய்த இடம் முழுக்க நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. இனி நீ தறியில் உட்காராதே, நூல் சுற்று போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். "கண்ணு பூட்ச்சின்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

தப்பு என்னுடையது. அவர் முதல் தடவை வந்தபோது வயதைக் கேட்டேன், சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன், அவர் படித்தார், கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

எனக்கு வார விடுமுறையான அடுத்த செவ்வாய்க்கிழமை, கடை முதலாளியிடம் அனுமதி வாங்கி, லென்ஸ் பெட்டியும் அளவு நாடாவுமாக டவுன் பஸ்ஸில் சேவூருக்குப் போனேன். அக்கா வீட்டுக் கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருந்தது. தறியில் கறுப்பும் அரக்கும் கலந்த பாவு. அதில் நெய்துகொண்டிருந்த அவர் மருமகளை எழுப்பிவிட்டு அக்காவை உட்காரச் சொன்னேன். அவர் கண்ணிலிருந்து அவர் பார்க்க வேண்டிய இழைவரை நாடாவைப் பிடித்தேன். புத்தகம் படிக்கிற தூரத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் கொடுத்த கண்ணாடியில் அவருக்கு அந்த இடம் மங்கலாகத்தான் தெரியும். ஒரு மாதமாக அவர் முதுகை வளைத்து, மூக்கு பாவில் இடிக்கிற மாதிரி நெய்து பார்த்திருக்கிறார்.

பரிசோதனைக்கான கனத்த இரும்பு பிரேமை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றினேன். நான்காவதோ ஐந்தாவதோ போட்டபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். வலது கையை நீட்டி, பாவுக்கு நடுவில் எனக்குத் தெரியாத ஓர் இடத்திலிருந்து அறுந்த இழை ஒன்றை விரலில் எடுத்தார். முடிச்சுப் போட்டார். பிறகு அந்த வேடிக்கையான பிரேமைக் கழற்றாமலேயே மிதியை அழுத்தி நெய்ய ஆரம்பித்தார். மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நாலு விரல் அகலம் நெய்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"நீ வேதக்காரப் பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கடை லீவுன்னியே, அப்ப உன்ன யாரு அனுப்புனாங்க?"

நானாகத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. அனுப்பினார்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்குள் தெருவில் செய்தி போய்விட்டது. அன்று மாலைவரை பதினோரு பேருக்குப் பார்த்தேன். ஒவ்வொருவர் தறியும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொருவர் உட்காரும் விதமும் வேறு. கண்ணுக்கு நேராக லென்ஸைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த முகத்துக்காக மனசுக்குள் ஒரு வரி ஜெபித்தேன். யாரும் சொல்லி அதைச் செய்யவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, பிரசங்கம் செய்த எந்த நாளிலும் இவ்வளவு நிறைவாக இருந்ததில்லையே என்று தோன்றியது. அம்மாவின் வேண்டுதலை நினைத்தபோது பயமாக இருந்தது.

அடுத்த வாரம் நேர்காணல். குழுவில் ஐந்து பேர். என் சாட்சியைக் கேட்டார்கள். பிறப்பையும் அம்மாவின் வேண்டுதலையும் சொன்னேன், எல்லாரும் தலையசைத்தார்கள். சேவூரையும் சொன்னேன். கடைசியில் ஒரு பெண் ஆயர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாங்க உங்களை எடுக்கலைன்னா, எதை நெனச்சும்மா வருத்தப்படுவீங்க?"

அம்மாவின் முகம்தான் முதலில் வந்தது. அதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குள் தேடினேன். அம்மா வருத்தப்படுவாங்க என்றேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படிச் சொன்ன பிறகும் அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் வந்ததும் அம்மா தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாள். மூன்று நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் அவள் என் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியபோது, நான் போகவில்லை என்று சொன்னேன். சேவூரைப் பற்றிச் சொன்னேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான் என்று தோன்றுகிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

அம்மா கோபப்படவில்லை. கையிலிருந்த சுடிதாரை மடித்து முடித்து, பெட்டிக்குள் வைத்து, மூடினாள். அன்றைய ஜெபத்தில் அந்த வேண்டுதலை விட்டுவிட்டாள். என் வாழ்க்கையில் முதல் தடவை. மறுநாளும் அப்படித்தான். சாப்பாடு போட்டாள், தலை வாரிவிட்டாள், பேச்சு மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தானாகவே பேசினாள்.

"என்னையும் கூப்பிட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி. கிராமம் கிராமமாப் போய் ஊழியம் செய்ற வேலை. அதே சமயம் டீச்சர் வேலையும் வந்திச்சி. நான் வேலைக்குப் போயிட்டேன்."

எனக்கு இது தெரியாது.

"நீ பொறந்து மூச்சு விடாம கெடந்தப்போ, நான் போகாததுக்குத்தான் இப்டி ஆயிடிச்சின்னு நெனச்சேன். அதான் உன்னைக் குடுத்தேன்."

கீரைக் கட்டை எடுத்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் மீசை வைத்த ஆட்கள்கூட வண்டியை நிறுத்தி டீச்சர் என்று கும்பிடுவார்கள். தங்கள் கையைப் பிடித்து அவள் எழுதப் பழக்கியதைச் சொல்வார்கள். பேசவே பேசாத ஒரு பெண் குழந்தையை ஒரு வருஷம் முழுக்கத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்து பேச வைத்தவள் அவள். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"முப்பது வருஷம் நீ வேற எங்கியோ இருந்தியா, இல்ல ஆண்டவரு சொன்ன எடத்துலதான் இருந்தியாம்மா?"

அம்மா அழுதாள். சின்னப் பிள்ளைபோல, சத்தம் போட்டு. அப்பா இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததாக எனக்கு நினைவில்லை. நானும் அழுதேன். கீரை அன்று வேகவே இல்லை, ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

பேராயத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதினேன். எழுத்துப் பிழைகளை அம்மா திருத்திக் கொடுத்தாள்.

எங்கள் சபையில் இறையியல் கல்லூரிக்குப் போகிறவர்களை ஆராதனையில் முன்னால் அழைத்து, ஆயர் தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்புவது வழக்கம். என்னை அப்படி அனுப்ப ஒரு ஞாயிறு ஏற்கெனவே குறித்திருந்தார்கள். நான் போகாததால் அது நின்றுவிட்டது என்று நினைத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஆயர் என்னை அழைத்தார். அம்மா முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கல்லூரிக்குப் போறவளுக்கு ஜெபிப்பீங்க, கண்ணு பாக்கப் போறவளுக்கு ஜெபிக்க மாட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் யோசித்திருக்கிறார். பிறகு, இத்தனை வருஷமா நமக்கு இது தோணலியே டீச்சர் என்றாராம்.

முழங்காலில் நின்றேன். தலையில் அவர் கை கனமாக இருந்தது. வாத்தியார்கள், வங்கியில் வேலை செய்பவர், இரண்டு நர்ஸுகள், களத்துமேட்டிலிருந்து நேராக வந்த ஒரு விவசாயி என்று இன்னும் யார் யாருக்கெல்லாம் இப்படி ஜெபிக்கலாம் என்று அவர் ஜெபத்துக்கு நடுவிலேயே சொல்லிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் இருவரும் போகிறோம். சேவூர், பெரணமல்லூர் பக்கம், ஒருமுறை தெள்ளார்வரை. அம்மா பணி ஓய்வு பெற்றுவிட்டாள். வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்து, பெயர் எழுதி, என்ன வேலை செய்றீங்க என்று முதலில் கேட்பது அவள்தான். படிக்கத் தெரியாதவர்கள் எழுத்து அட்டையைப் பார்த்து வெட்கப்பட்டால், அட்டையை ஓரமாக வைத்துவிட்டு ஊசியும் நூலும் எடுத்துக் கொடுக்கிறாள்.

எங்காவது ஒரு பெண் ஆயர் நன்றாகப் பிரசங்கம் செய்து கேட்டால், நெஞ்சில் சின்னதாக ஒன்று இழுக்கும். அங்கே நான் நின்றிருக்கலாமோ என்று. போன மாதம் அதை அம்மாவிடம் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் இழுக்கும்டி" என்றாள். "இழுத்துகினே இருக்கட்டும். எறங்கற எடம் வந்துடிச்சி, பெட்டிய எடு."