மகள் விழுங்கிய வேல்

குந்தா மின்நிலையக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்து, பால் காய்ச்சிய அன்று, கோயம்புத்தூரிலிருந்து வந்த என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், ஒரு பித்தளை முருகனைக் கொண்டுவந்தார். ஒரு சாண் உயரம். பின்னால் தோகை மயில், மயிலின் காலடியில் பாம்பு. வேல் மட்டும் தனி. முருகனின் கையிலிருந்த சின்னத் துளையில் அதைச் செருகிவைக்க வேண்டும். என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது.

அண்ணியால் எதையும் சும்மா கொடுத்துவிட்டுப் போக முடியாது. "பாம்புன்னா வெசம், அம்மணி. நமக்குள்ள இருக்கற கோவம், பொறாமை எல்லாம் அதுதான். மயிலு அதைக் கொல்லலை பாரு, மிதிச்சு அடக்கி வெச்சிருக்குது. வேலு அறிவு. கூரா இருக்கோணும், அகலமா இருக்கோணும், ஆழமா எறங்கோணும்" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலை ஈரத்தில் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். கார்த்திகைக்கு முந்தின வாரம், கொஞ்சம் வெயில் வந்த ஒரு காலையில், விளக்கு, மணி, முருகன் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வாசலில் துணி விரித்துக் காயவைத்திருந்தேன். இரண்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து மணியை ஆட்டிக்கொண்டிருந்தாள். மணிச் சத்தம் நின்றது. பிறகு ஒரு இருமல். திரும்பிப் பார்த்தேன். கண்ணில் நீரோடு எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தாள். முருகன் கையில் வேல் இல்லை.

துணியை உதறினேன். புல்லைக் கையால் தடவினேன். "வேலு எங்க கண்ணு?" என்று கேட்டேன். அவள் வாயை அகலமாகத் திறந்து காட்டி, "சாமி உள்ள" என்றாள்.

நான் நம்பவில்லை. குழந்தை விளையாட்டுக்குச் சொல்கிறது என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்ல, வேலையிலிருந்து ஓடிவந்த என் கணவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஜீப்பில் ஏறினார்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா ஈரம் காயாத பிலிமை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிறத்தில் குட்டி விலா எலும்புகள். அவற்றுக்குக் கீழே, வயிற்றுக்குள், பளிச்சென்று வெள்ளையாக ஒரு வேல். பூஜை அலமாரியில் தினமும் நான் பார்த்த அதே வேல், நுனி மேலே பார்க்க நேராக நின்றது. டாக்டரம்மா பிலிமை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "இது என்னங்க, ஏதாவது அம்பா?" என்று கேட்டார்.

"முருகனோட வேலுங்க" என்றார் என் கணவர்.

"இங்க ஒண்ணும் செய்ய முடியாது. கோயம்புத்தூர் கொண்டுபோங்க. குழந்தையை அதிகமா அசைக்காதீங்க."

குன்னூர் தாண்டி மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். "ஏனுங்க, மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று எத்தனை முறை சொன்னேனோ. அவள் மடியில் படுத்து ஜன்னல் வழியே குரங்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

கோயம்புத்தூரில் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொட்டைப் பக்கம் கீழ இருக்கு. இப்படியே எறங்குனா தானா வெளிய வந்துரும். நுனி திரும்பிக் குடலைக் குத்துனா வயித்தத் திறக்கோணும். காத்திருந்து பார்ப்போம்." ஆழமா எறங்கோணும் என்று அண்ணி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

சேதி வார்டு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் நடந்ததை இன்றைக்கும் என்னால் சகஜமாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்த குழந்தையை அதன் தாய் தூக்கிக்கொண்டு வந்து என் மகளின் காலடியில் கிடத்தினாள். "வேலு குடியிருக்கற புள்ளைங்க. ஒருக்கா தொட்டு உடச் சொல்லுங்க" என்றாள். பின்னால் இன்னும் சில பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் விபூதிப் பொட்டலம். என் மகள் அந்தக் குழந்தையின் முடியைப் பிடித்து இழுத்தாள். அது அலறியது. தாய் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"போங்க எல்லாரும்! எம்புள்ள சாவக் கெடக்குது!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு நானே அதிர்ந்துபோனேன்.

அதற்கு அடுத்த நாள் காலை, பெட்பேன் பீங்கானில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக நுனி தெரிந்தது. சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அண்ணி பக்கத்தில் இருந்தார். குளிக்காமல் பூஜை அலமாரியைத் தொடாதவர், மாதவிலக்கு நாட்களில் சாமி படமிருக்கும் பக்கம்கூடத் திரும்பாதவர். நான் நர்ஸைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் கையை உள்ளே விட்டு வேலை எடுத்துவிட்டார். குழாயடியில் கழுவினார், சோப்புப் போட்டுத் திரும்பவும் கழுவினார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே விம்மினார்.

"அண்ணி, தீட்டு..." என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"தீட்டாவது மண்ணாவது. புள்ளைய ஒண்ணும் பண்ணாம வந்துட்டானே" என்றார்.

டாக்டர் இன்னொரு படம் எடுத்துப் பார்த்து, குடலில் ஒரு கீறலும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். அண்ணி அந்தப் பித்தளை வேலை ஒரு பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்து, சிலையை வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் முருகன் கையிலேயே பற்றவைத்துத் தர ஏற்பாடு செய்தார். அதுவரை அழாத, நடுங்காத நான், ஊர் திரும்பும் வழியில் பர்லியாறில் டீ குடிக்க இறங்கியபோதுதான் ஆட்டம் கண்டேன். டீ புடவையெல்லாம் சிந்தியது. என் கணவர் கிளாஸை வாங்கிக்கொண்டு, என்னை ஜீப் படியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றார். மகள் கடைக்காரரிடம் பன் கேட்டுக்கொண்டிருந்தாள்.